இசையமைப்பாளர் பெயரில் நடக்கும் பியானோ போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்வது எப்படி: டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் போட்டி மேடை புதிதன்று. திருக்குறள் ஒப்புவித்தல், தேவாரம், பேச்சு, நடனம் என்று ஆண்டுதோறும் நடக்கும் தமிழ் ஐஸ்டெட்ஃபோடு என்னும் கலைப் போட்டி விழாவில் ஏறி இறங்காத பிள்ளை எங்கள் சாட்ஸ்வொர்த் வட்டாரத்தில் குறைவு. மேடை ஏறுமுன் ஆயாவின் (பாட்டியின்) காலைத் தொட்டுக் கும்பிடுவதும், இறங்கியபின் நடுவர் எழுதித் தந்த தாளை நான்கு பேர் ஒன்றாக எட்டிப் பார்ப்பதும் நம் வீடுகளுக்குப் பழகிய காட்சிகள். ஆனால் ஓர் இசையமைப்பாளரின் பெயரைத் தாங்கி நடக்கும் பன்னாட்டுப் பியானோ போட்டிகளின் நடைமுறை வேறு. 2025 அக்டோபரில், வார்சாவில் நடந்த போலந்து இசையமைப்பாளர் ஷோபின் பெயரிலான 19ஆம் போட்டியை என் மகள் பள்ளி விட்டு வந்ததும் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை போலந்தின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றே என்பதால், அங்கே மாலை அமர்வு தொடங்கும் வேளையில் இங்கேயும் மாலைதான். பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்: "அம்மா, அடுத்தது 2030இல் வரும். அப்போது எனக்கு 18 வயது. நாம் போகலாமா?"

நான் பியானோ வாசிப்பவள் அல்லள். வார இறுதிகளில் தமிழ் வகுப்பு எடுப்பவள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி விதிமுறைகளை வரிவரியாகப் படித்தும், அவளுடைய ஆசிரியரைத் துளைத்தெடுத்தும், இரண்டு முறை தவறியும் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன். மகனோ மகளோ யூனிசா எனப்படும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் இசைத் தேர்வுகளில் மேல்நிலைத் தரங்களை எட்டிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு இது பயன்படக்கூடும்.

பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

முதலில் செய்ய வேண்டியது, போட்டியின் பெயரில் உள்ள இசையமைப்பாளருக்கும் பிள்ளை வாசிக்கப்போகும் உருப்படிகளுக்கும் என்ன உறவு என்று அறிவது. வார்சாவில் 1927இல் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஷோபின் போட்டியில், முதல் சுற்றிலிருந்து இறுதிச் சுற்று வரை ஷோபினைத் தவிர வேறு யாருடைய இசைக்கும் இடமில்லை. வியன்னாவில் 1961 முதல் நடந்துவரும் பேத்தோவன் போட்டியும் பெயருக்குரியவரின் இசையையே மையமாகக் கொண்டது. மாஸ்கோவின் சைக்காவ்ஸ்கி போட்டி வேறு வகை. 1958இல் அங்கே வென்ற 23 வயது அமெரிக்கர் வான் கிளைபர்ன், இறுதிச் சுற்றில் சைக்காவ்ஸ்கியின் முதலாம் கான்செர்டோவோடு (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி) ராக்மானினாவின் மூன்றாம் கான்செர்டோவையும் வாசித்தார். பெயருக்குரியவரின் இசை அங்கே கட்டாயம். ஆனால் அது மட்டுமே போதாது. இத்தாலியின் போல்சானோவில் 1949இல் தொடங்கிய புசோனி போட்டியிலோ பிள்ளையின் விருப்பத்துக்கு விடப்படும் பகுதி இன்னும் அகலமானது.

இந்த வேறுபாட்டை அறியாமல் "ஏதாவதொரு பெரிய போட்டி" என்று குறிவைத்தால் ஐந்தாண்டு உழைப்பு வீணாகும். பாக்கின் ஃபியூகுகளில் (ஒரே மெட்டைப் பல குரல்கள் மாறி மாறித் தொடரும் உருப்படிகளில்) விரல் தெளிவாக ஓடும் பிள்ளையை ஷோபினுக்குத் தள்ளுவது, திருப்புகழில் தேர்ந்தவளை வெண்பாப் போட்டிக்கு அனுப்புவதைப் போன்றது. அத்தகைய பிள்ளைக்கு லைப்சிக் நகரத்தின் பாக் போட்டி இருக்கிறது. 1950இல் அங்கே வென்ற தத்யானா நிக்கலாயெவாவின் வாசிப்பைக் கேட்ட பிறகே, நடுவர் குழுவில் இருந்த ஷோஸ்டகோவிச் தம்முடைய 24 பிரெலூடுகளையும் ஃபியூகுகளையும் எழுதினார். பிள்ளை யாரும் சொல்லாமலே உட்கார்ந்து வாசிப்பது யாருடைய இசை என்று ஒரு மாதம் கவனியுங்கள். எந்தப் போட்டி என்பதை அதுவே சொல்லிவிடும். எங்கள் வீட்டில் அது ஷோபின். ஆகவே இனி வரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அவரைச் சுற்றியே இருக்கும்.

விதிமுறையைப் பென்சிலோடு படியுங்கள்

வயது வரம்பைப் பார்க்கும்போது, எந்தத் தேதியைக் கொண்டு வயது கணக்கிடப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஷோபின் போட்டி 16 முதல் 30 வயது வரையுள்ளவர்களுக்கு உரியது. ஒரு பிள்ளைக்கு வாழ்நாளில் இரண்டு வாய்ப்புகள், நல்லூழ் இருந்தால் மூன்று, கிடைக்கலாம். 2020இல் நடக்க வேண்டிய போட்டி பெருந்தொற்றால் 2021க்குத் தள்ளிப்போனது. பிறந்த ஆண்டு எல்லையில் நிற்பவர்கள் இத்தகைய மாற்றங்களையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அடுத்து உருப்படிப் பட்டியல். இங்கேதான் நாங்கள் முதன்முறை சறுக்கினோம். மஸூர்காக்கள் என்னும் ஆட்ட உருப்படிகளை ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று பொறுக்கி எடுத்துப் பழகியிருந்தாள் மகள். அவளுக்குப் பிடித்த நான்கும் நான்கு வெவ்வேறு ஓபஸ்களில், அதாவது எண்ணிட்ட வெளியீடுகளில், இருந்தன. ஆனால் வார்சா விதி, ஒரு முழு ஓபஸை, அதாவது ஷோபின் ஒரே தொகுப்பாக வெளியிட்ட மூன்று அல்லது நான்கு மஸூர்காக்களையும், வரிசை மாறாமல் வாசிக்கக் கோருகிறது. 17, 24, 30, 33 என்று குறிப்பிட்ட சில ஓபஸ்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஓராண்டுப் பயிற்சியில் முக்கால் பங்கை இதற்காக மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்திலேயே படித்திருந்தால் இந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

எந்தப் பதிப்பிலிருந்து பயில்வது என்பதும் பலர் கவனிக்காத ஒன்று. ஷோபின் ஒரே உருப்படியைப் பாரிஸ், லைப்சிக், லண்டன் என்று மூன்று ஊர்களில் வெளியிட்டார். மாணவர்களின் தாள்களிலும் பென்சிலால் திருத்தங்கள் எழுதினார். அதனால் பழைய பதிப்புகளுக்கிடையே சுரங்களும் பெடல் குறிகளும் வேறுபடுகின்றன. யான் எக்கியேர் பதிப்பித்த போலந்து தேசியப் பதிப்பையே போட்டிக்குழு பரிந்துரைக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய தாளைக் கொண்டு ஐந்தாண்டு பயின்றபின் சுரம் வேறு என்று தெரியவந்தால், விரல் மறப்பது எளிதன்று. விலை கூடுதல் என்றாலும் முதல் நாளிலிருந்தே அந்தப் பதிப்பை வாங்கிவிடுங்கள்.

தாளத்தை வீட்டிலிருந்தே தொடங்கலாம்

விரல் வேகத்தை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். பெற்றோர் உதவக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது அந்த இசையமைப்பாளரின் மொழியைப் பிள்ளையின் காதில் ஏற்றுவது. மஸூர்கா என்பது ஷோபின் பிறந்த மசோவியப் பகுதியின் நாட்டுப்புற ஆட்டத்திலிருந்து வந்தது. மூன்று எண்ணிக்கைத் தாளத்தில், அழுத்தம் முதல் தட்டில் விழாமல் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும். தாளில் எழுதியிருப்பதை எழுதியவாறே வாசித்தால் அது முதல் தட்டில் அழுத்தம் விழும் வால்ட்ஸ் ஆட்டம் போல ஒலிக்கும். நடுவர்களின் காதுக்கு அது உடனே தெரிந்துவிடும். ஷோபின் காலத்திலேயே இதில் குழப்பம் இருந்தது. பாரிஸில் அவர் மஸூர்கா வாசிப்பதைக் கேட்ட சார்லஸ் ஹாலே என்ற பியானோக் கலைஞர், முதல் சுரத்தில் அவர் அவ்வளவு நேரம் தங்குவதால் மூன்று எண்ணிக்கை நான்காகிவிடுகிறது என்றார். ஷோபின் அதை மறுத்தார். ஹாலே அவரை வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று உரக்க நான்கு எண்ணிக் காட்டியபோது, கணக்குப் பொருந்தியது. ஷோபின் சிரித்துவிட்டு, அது தம் நாட்டு ஆட்டத்தின் இயல்பு என்று விளக்கினாராம்.

இதைப் படித்த அன்று என் மாமனார் ஒரு வேலை செய்தார். கோவில் பஜனைகளில் மிருதங்கம் வாசிப்பவர் அவர். சமையலறை மேசையில் திஸ்ர நடையைத் தட்டிக்கொண்டே, பேத்தியைத் தரை ஓடுகளின் மேல் நடக்கச் சொன்னார். இரண்டாம் தட்டில் குதிகாலை அழுத்த வேண்டும், முதல் தட்டில் சற்றே தயங்க வேண்டும். முதல் பத்து நிமிடம் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு தாத்தா தட்டுவதை மாற்றாமல் இருக்க, அவள் மேல் வரியை வாயால் பாடிக்கொண்டே அந்தத் தட்டுக்கு முன்னும் பின்னுமாக விலகிப்போய், சுற்று முடியும் இடத்தில் வந்து சேர்ந்தாள். இடது கை இசைக்குழுத் தலைவனைப் போலத் தாளத்தைக் காக்க, வலது கை சுதந்திரமாக ஏறி இறங்க வேண்டும் என்று ஷோபின் கற்பித்ததாக அவருடைய மாணவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மிருதங்கக்காரர் நடையைப் பிடித்திருக்கப் பாடகர் அதன் மேல் நீந்துவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்க ஐரோப்பியப் புத்தகம் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

போலந்தில் பிறக்காதவருக்கு மஸூர்கா வராது என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். சிறந்த மஸூர்காவுக்கெனப் போலந்து வானொலி தரும் தனிப்பரிசை 1955இல் பெற்றவர் சீனாவின் ஃபூ ட்சோங். 1965இல் பெற்றவர் அர்ஜென்டினாவின் மார்த்தா ஆர்கெரிச். அவர் அவ்வாண்டின் முதல் பரிசையும் வென்றார்.

கருவியும் கடற்கரைக் காற்றும்

டிஜிட்டல் பியானோவைக் கொண்டு தொடங்குவதில் தவறில்லை. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல், ஒருநாள் எட்யூட் என்னும் பயிற்சி உருப்படியின் நடுவே மின்சாரம் போயிற்று. மகள் நிறுத்தவில்லை, இருட்டில் விசைகள் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும் ஓசை மட்டும் கடைசி வரை கேட்டது. மறு மாதமே கம்பிகள் நிமிர்ந்து நிற்கும் பழைய அப்ரைட் பியானோ ஒன்றை வாங்கிவிட்டோம்.

டர்பனின் ஈரக்காற்று பியானோவுக்கு நல்லதன்று. கோடையில் மரப்பலகை ஈரத்தை உறிஞ்சிப் புடைக்கும்போது சுருதி ஏறுகிறது. குளிர்காலத்தில் காற்று உலரும்போது இறங்குகிறது. கம்பிகள் துருப்பிடிக்கின்றன, விசையின் உள்ளே இருக்கும் கம்பளித் துணி வீங்கி, அழுத்திய விசை மேலே வர மறுக்கிறது. ஆகவே பியானோவைக் கடலைப் பார்த்த சன்னலருகிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். ஆண்டுக்கு இருமுறை, பருவம் மாறிச் சில வாரம் கழித்து, சுருதி சேர்ப்பவரை அழையுங்கள். மழை தொடங்கிய வாரத்திலேயே சேர்த்தால் அடுத்த மாதம் மறுபடி அழைக்க வேண்டிவரும்.

அப்ரைட் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாரத்தில் ஒரு மணி நேரமாவது, கம்பிகள் கிடையாக அமைந்த கிராண்ட் பியானோவில் பழக வழி தேடுங்கள். கிராண்டில், விசை முழுவதும் மேலே வருமுன்பே அதே சுரத்தை மீண்டும் அடிக்க உதவும் நெம்புகோல் உண்டு. பெரும்பாலான அப்ரைட்களில் இல்லை. இடது பெடலை மிதித்தால் கிராண்டில் சுத்தியல் வரிசை முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்து ஒலியின் நிறமே மாறும். அப்ரைட்டில் சுத்தியல் கம்பிக்கு அருகே வந்து ஒலி குறைவதோடு சரி. போட்டி மேடையில் முதன்முதலாக இந்த வேறுபாட்டைச் சந்திக்கும் விரல்கள் தடுமாறிவிடும். தேவாலயங்கள், பள்ளி மண்டபங்கள், பல்கலைக்கழக இசைத்துறை ஆகியவற்றை அணுகிக் கேளுங்கள். முறையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. வார்சாவில் போட்டியாளர் பல நிறுவனங்களின் கருவிகளைச் சில நிமிடம் தொட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 2021இல் வென்ற புரூஸ் லியூ தேர்ந்தது இத்தாலியின் ஃபாசியோலி. எந்தப் பியானோவானாலும் ஐந்து நிமிடத்தில் அதன் குணத்தைப் பிடிக்கும் பழக்கம் வேண்டுமானால், பல இடங்களில் பல கருவிகளில் வாசித்திருக்க வேண்டும்.

காணொளிப் பதிவு

பெரிய போட்டிகளின் முதல் சல்லடை, அனுப்பி வைக்கும் காணொளிதான். 2025 வார்சா போட்டிக்கு விண்ணப்பித்தவர்கள் 600 பேருக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் மேடையைப் பார்க்காமலே திரும்பியவர்கள். பொதுவாக ஒவ்வோர் உருப்படியும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் பதிவாக வேண்டும், முகமும் இரு கைகளும் தெரிய வேண்டும், கேமராவை நகர்த்தக்கூடாது. ஒலிவாங்கியைப் பியானோவுக்குள் நுழைக்காமல் சில அடி தள்ளி வைத்தால் பெடலின் மென்மை கேட்கும். முன்கூட்டியே சுருதி சேர்த்துவிடுங்கள்.

இளையோர் போட்டி ஒன்றுக்காக நாங்கள் பதிவு செய்த நாளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மண்டபம் கிடைத்தது ஒரு ஞாயிறு. அது ஆடி மாதம் என்பது எங்களில் யாருக்கும் நினைவில் இல்லை. நாக்டர்னின் இரண்டாம் பக்கத்தில், இரண்டு தெரு தள்ளியிருந்த அம்மன் கோவிலில் கூழ் பூஜைக்கு மேளம் தொடங்கிற்று. ஐந்து முறை முயன்றோம். ஒவ்வொரு முறையும் மெல்லிய இடத்தில் உடுக்கை புகுந்தது. பிறகு மண்டபத்தைப் பூட்டிவிட்டுக் கோவிலுக்குப் போய்க் கூழ் குடித்துவிட்டு வீடு திரும்பினோம். ஆடி, தைப்பூசக் காவடி, ஈஸ்டர் வாரத்து மாரியம்மன் திருவிழா ஆகியவற்றை நாட்காட்டியில் முதலில் குறித்துவிட்டு, அப்புறம் மண்டபத்தைப் பதிவு செய்யுங்கள். கெடு தேதிக்கு மூன்று வாரம் முன்பாகவே முடித்துவிடுங்கள்.

போலிப் போட்டிகள்

இரண்டாவது சறுக்கல் இங்கே. புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஒருவர் பெயரில் இணையவழிப் போட்டி ஒன்று கண்ணில் பட்டது. கட்டணம் கட்டினோம், பதிவை அனுப்பினோம், பத்து நாளில் "முதல் பரிசு" என்று பொன் எழுத்துச் சான்றிதழ் வந்தது. ஆயா அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். பிறகுதான் பார்த்தோம், அந்தப் பிரிவில் முதல் பரிசு பெற்றவர் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீண்டது. காலமான இசையமைப்பாளரின் பெயரை யாரும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதை அன்று உணர்ந்தோம்.

அதற்குப்பின் நாங்கள் கேட்கும் கேள்விகள் இவை: நடுவர்கள் யார், அவர்கள் மேடையில் வாசிப்பவர்களா? தம் சொந்த மாணவருக்கு நடுவர் மதிப்பெண் இடக்கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா? மக்கள் முன்னிலையில் நடக்கும் சுற்று உண்டா? ஒரு பிரிவில் எத்தனை முதல் பரிசு? முந்தைய ஆண்டுகளில் வென்றவர்கள் இப்போது எங்கே வாசிக்கிறார்கள்? பன்னாட்டு இசைப் போட்டிகளின் உலகக் கூட்டமைப்பு 1957இலிருந்து ஜெனீவாவில் இயங்குகிறது; அதன் உறுப்பினர் பட்டியல் நல்ல தொடக்கப் புள்ளி. ஆனால் பட்டியலில் இல்லாதவை எல்லாம் போலி என்று கொள்ளவும் கூடாது. உக்ரைன் போர் தொடங்கியபின் 2022இல் சைக்காவ்ஸ்கி போட்டி அந்தக் கூட்டமைப்பிலிருந்து விலக்கப்பட்டது. அதற்குத் தரம் காரணமன்று.

படிப்படியாக ஏறுவது

யூனிசா அல்லது பிரிட்டிஷ் வாரியத் தேர்வுகளில் எட்டாம் தரம் என்பது இந்தப் பாதையின் தொடக்கமே. உள்ளூர் ஐஸ்டெட்ஃபோடில் பியானோப் பிரிவும் இருக்கும்; ஆண்டுக்கு இரண்டு மேடையாவது ஏறட்டும். பிரிட்டோரியாவில் 1982 முதல் யூனிசா நடத்திவரும் பன்னாட்டுப் பியானோ போட்டிக்கு இசையமைப்பாளர் பெயர் இல்லை; ஆயினும் கடல் கடக்காமல் நாம் நேரில் உட்கார்ந்து கேட்கக்கூடிய போட்டி அதுவே. பிள்ளையைப் பார்வையாளராகவாவது அழைத்துப் போங்கள்.

இறுதிச் சுற்றுக்குரிய கான்செர்டோவை, ஆசிரியர் இரண்டாம் பியானோவில் இசைக்குழுவின் பகுதியை வாசிக்க, பல மாதம் பழக வேண்டும். ஷோபின் எழுதிய கான்செர்டோக்கள் இரண்டே. பெரும்பாலானோர் ஈ மைனரைத் தேர்கிறார்கள். 1980இல் வியட்நாமின் டாங் தாய் சோனும் 2025இல் எரிக் லூவும் எஃப் மைனரை வாசித்தே வென்றார்கள். பிள்ளையின் கைக்கு எது பொருந்துகிறதோ அதை அச்சமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

பயணத்துக்குத் தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டில் ஷெங்கன் விசா வேண்டும். புறப்படும் நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாகச் செய்திருக்க வேண்டும். போட்டிக்குழுவின் அழைப்புக் கடிதத்தை உடன் இணையுங்கள். அக்டோபர் வார்சாவின் குளிர் நம் ஜூலைக் குளிரை விஞ்சும். மேடைக்குப் பின்னால் கையுறையும் வெந்நீர்ப் பையும் வேண்டும்.

முடிவு வரும் இரவுக்கும் ஒரு திட்டம் வையுங்கள். நடுவர்கள் ஒருமனதாக இருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். 1980இல் ஈவோ பொகொரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகாததை எதிர்த்து மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்தே வெளியேறினார். 1990இலும் 1995இலும் முதல் பரிசுக்குத் தகுதியானவர் எவரும் இல்லை என்று அறிவித்தார்கள். 1949 புசோனி போட்டியில் நான்காம் இடம் பெற்ற ஆல்ஃபிரெட் பிரெண்டல் பின்னாளில் உலகின் முன்னணிப் பியானோக் கலைஞர்களில் ஒருவரானார். தேர்வாகாதபோது, வாய்ப்புக் கிடைத்தால் நடுவர்களில் ஒருவரையாவது அணுகிக் கருத்துக் கேளுங்கள். சொன்னதை அன்றிரவே எழுதிவிடுங்கள். மறுநாள் காலை உறக்கம் கலைந்த பிறகு நினைவு தனக்கு வேண்டியதை மட்டுமே வைத்திருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது ஓபஸ் 24 நடந்துகொண்டிருக்கிறது. அதில் நான்கு மஸூர்காக்கள். ஜி மைனரில் உள்ள முதலாவதைத் தாத்தாவின் தட்டோடு வாசிக்கிறாள். நான்காவதைத் தொட ஆசிரியர் இன்னும் அனுமதிக்கவில்லை.